வெங்கிணாந்தியைக் கழுத்தில போட்டுப் படம் எடுக்கிறதை நிப்பாட்டுங்க

மாரி தொடங்கினா போதும், என்ட போனுக்கு பாம்புப் படம் வரத் தொடங்கிரும். "அண்ணே இது என்ன பாம்பு", "விசம் இரிக்கா", "அடிச்சிட்டம், என்ன சாதி எண்டு பாத்துச் சொல்லுங்க". மட்டக்களப்புப் படுவான்கரையில இருக்கிறாக்களுக்கு இது புதுசில்ல, வயல் வட்டை முழுக்க தண்ணி நிறைஞ்சா எலியெல்லாம் மேட்டுக்கு வரும், எலிக்குப் பொறகால பாம்பு வரும், மேடு எண்டா எங்கட வளவும் கோழிக்கூடும் விறகு அடுக்கின இடமும்தானே. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டாக்களுக்கு இதை நான் சொல்லித் தெரியத் தேவையில்ல.

ஆனா கிட்டடியில வந்த ஒரு வீடியோதான் என்னை இதை எழுத வச்சது. வெல்லாவெளிப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன், பத்தடிக்குக் குறையாத ஒரு வெங்கிணாந்தியை, அதான் மலைப்பாம்பை, தூக்கி கழுத்தைச் சுத்திப் போட்டுக்கொண்டு நிக்கான், சுத்தி நிக்கிற கூட்டாளிமார் சிரிக்காங்கள், ஒருத்தன் போனில எடுக்கான், பாம்புட தலையைப் பிடிக்க ஒருத்தரும் இல்ல, அது பாட்டுக்கு அவன்ட தோளுக்குப் பின்னால போய்க்கொண்டிரிக்கு. எனக்குப் பாக்கவே நெஞ்சு பதறிட்டு. "விசம் இல்லாத பாம்புதானே அண்ணே, என்ன செய்யப் போகுது" எண்டு கேக்கான். அதுக்குத்தான் தம்பி இவ்வளவு நீளமா எழுதுறன், ஒருக்கா முழுக்க வாசிங்க.

வெங்கிணாந்திக்கு விசம் இல்ல, அது உண்மை. அது கொல்லுறது நெரிச்சு. நெரிக்கிறதெண்டா மூச்சு முட்டித்தான் சாகுது எண்டு எல்லாரும் நினைச்சிட்டு இரிக்கிறம், நானும் சின்ன வயசில இருந்து அப்படித்தான் கேட்டு வளந்தன். அமெரிக்காவில 2015இல போவா எண்ட, இதே போல நெரிக்கிற பாம்பையும் எலியையும் வச்சு ஆராய்ச்சி செஞ்சு பாத்தாக்கள், நெரிக்கத் தொடங்கி சில செக்கனுக்குள்ளேயே எலிட ரத்த ஓட்டம் விழுந்து போகுது எண்டு கண்டுபிடிச்சாங்க. ஆக மூச்சு முட்டி சாகிற மட்டும் நேரம் இரிக்கும், அதுக்குள்ள கத்திக் கூப்பிடலாம், இழுத்துக் கழட்டலாம் எண்ட கணக்கு பிழை. அதிலயும் கழுத்தைச் சுத்தின பாம்பு இறுக்கினா மூளைக்குப் போற ரத்தம் நிக்கும், ஆள் மயங்கி விழுறதுக்கு ஒரு நிமிசம் கூடத் தேவையில்ல. மயங்கின ஆள் எப்படி அவிழ்க்கிற?

பாம்பு உங்களைச் சாப்பிட நினைச்சுத்தான் இறுக்கும் எண்டும் இல்ல, விழுந்திருவன் எண்ட பயத்தில பிடிமானத்துக்கு இறுக்கும், நீங்க பயந்து அசைய அசைய இன்னும் இறுக்கும். அது கோவமில்ல, அதுட உடம்பு வேலை செய்யிற விதம்.

அதாலதான் பெரிய பாம்பு பிடிக்கிறதில பழகினாக்கள் ஒரு கணக்கு வச்சிரிக்காங்க. எட்டடியைத் தாண்டின பாம்பை ஒரு நாளும் தனிய தொடக் கூடாது, அதுக்கு மேல ஒவ்வொரு அஞ்சடிக்கும் இன்னொரு ஆள் வேணும். நிக்கிற எல்லாரும் கை வைக்கிறதில்ல, ஒருத்தர் தலை, மத்தவர் உடம்புட பாரம், மூண்டாவது ஆள் வால். தலையைப் பிடிச்சிரிக்கிறவர் சொல்லுறதைத்தான் மத்தாக்கள் கேக்க வேணும், ஆளுக்கொரு சத்தம் போட்டா பாம்பும் கலவரப்படும் மனுசரும் கலவரப்படும். சுத்திட்டுதெண்டா வால் பக்கத்தில இருந்துதான் அவிழ்க்க வேணும், தலைப்பக்கத்தால இழுத்தா அது இன்னும் பலமாப் பிடிக்கும். வாலில தூக்கித் தொங்க விடுறதும் கூடாது, அவ்வளவு பாரத்தையும் அந்த முள்ளந்தண்டு தாங்காது, பாம்பு அன்டைக்குச் சாகாட்டியும் உள்ளுக்குக் காயப்பட்டு பொறகு சாகும்.

இதெல்லாம் நான் நேர பாத்தது மாமிட கோழிக்கூட்டில. பொழுதுபட்டு கொஞ்ச நேரத்தில கோழியெல்லாம் ஒரே சத்தம், டோர்ச் அடிச்சுப் பாத்தா கூட்டுக் கம்பிவலைக்குள்ளால பாதி உடம்பு வெளிய, பாதி உள்ள, நடுவில ஒரு கோழி அளவு வீக்கம். உள்ள வரக்குள்ள மெலிசா வந்திட்டார், கோழியை விழுங்கின பொறகு அதே ஓட்டைக்குள்ளால வெளிய போக ஏலாமப் போச்சு. மாமி பொல்லோட நிக்கா, "ஏன் மருமகன் பாத்துக்கொண்டு நிக்காய், தலையில ஒண்டு போடன்" எண்டு. அவட முட்டைக் கோழி போன வயித்தெரிச்சல் அவக்கு, அது நியாயம்தான். நான் பொல்லை வாங்கி வச்சிட்டு 1992க்கு அடிச்சன். வனசீவராசிகள் திணைக்களத்துட நம்பர் அது, போனில பதிஞ்சு வச்சிருங்க.

அவங்க வந்து சேருற மட்டும் செஞ்சதெல்லாம் சின்ன வேலைதான். நாயைக் கட்டினம், பிள்ளையளை வீட்டுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினம், மிச்சக் கோழிகளை மத்தப் பக்கத்தால திறந்து விட்டம், எட்ட நிண்டு பாம்பு எங்க போகுதெண்டு ஒரு ஆள் பாத்துக்கொண்டே இருந்தம். இந்தக் கடைசி வேலை முக்கியம், பாம்பைக் கண்ணில இருந்து விட்டா பொறகு அந்த வீட்டில ஒருத்தரும் நித்திரை கொள்ள மாட்டாங்க.

வந்த உத்தியோகத்தர் முதல்ல கேட்டது தண்ணியும் சவுக்காரமும். "தம்பி, யாராவது கோழியோ மீனோ தொட்ட கையோட கிட்ட வராதீங்க" எண்டார். அவர்ர கையையும் கழுவினார். அப்பதான் டோர்ச் வெளிச்சத்தில பாம்புட வாயைக் கிட்ட வச்சுக் காட்டினார், உதட்டு ஓரமா வரிசையாச் சின்னச் சின்னக் குழிகள், அதாலதான் அது சூட்டை உணருதாம், இருட்டில ஒரு உயிர் கிட்ட வாறது அதுக்கு அதால தெரியும். கோழி மணக்கிற சூடான கை கிட்ட வந்தா அதுக்கு அது கோழிதான், அது மனுசன்ட கை எண்டு பிரிச்சுப் பாக்காது.

மாமா பாம்பை வெளிய இழுப்பம் எண்டார். உத்தியோகத்தர் விடல்ல. செதில் எல்லாம் பின்பக்கமாப் பாத்துத்தானே இரிக்கு, கம்பிக்குள்ளால பின்னுக்கு இழுத்தா தோல் கிழிஞ்சிரும் எண்டு சொல்லி குறடு வாங்கி கம்பியை ஒவ்வொண்டா வெட்டினார். பாம்பு விட்ட சத்தம் உழவு மெசின் டயர்ல காத்து இறக்கினமாதிரி, சனம் எல்லாம் ரெண்டடி பின்னுக்குப் போச்சு. கடைசிக் கம்பி வெட்டக்குள்ள விழுங்கின கோழியை அப்படியே கக்கிட்டு. சாப்பிட்ட பாம்பைக் கரைச்சல்படுத்தினா கக்கும், பாரத்தோட ஓட ஏலாதுதானே, அதாலதான் சாப்பிட்டு ரெண்டு நாளைக்காவது அதைத் தொடக் கூடாதெண்டு சொல்லுறாங்க. பொறகு ரெண்டு பேராப் பிடிச்சு துணிச் சாக்குக்குள்ள விட்டு வாயை முறுக்கிக் கட்டினாங்க. இதையும் சொல்லிப் போடுறன், உரப்பைக்குள்ள போடாதீங்க, யூரியா நாத்தமும் காத்துப் போகாததும் சேந்து பாம்பு செத்துப் போகும்.

கடிச்சா என்ன செய்யிற எண்டு கன பேர் கேக்கிறாக்கள். விசம் இல்லாட்டியும் வெங்கிணாந்திட பல் எல்லாம் உள்பக்கமா வளைஞ்சு இரிக்கிற கூரான பல். கையைப் படக்கெண்டு இழுத்தீங்களோ சதை கிழியும், பல்லு உடைஞ்சு உள்ள நிக்கும். இழுக்காம, அதுட தலையைப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளித்தான் பல்லைக் கழட்டிறது, விடாட்டி மூஞ்சியில பச்சைத் தண்ணி ஊத்தினா கனதரம் விட்டிரும். காயத்தை சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில நல்லாக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி போட்டிருங்க. பாம்பைத் தொட்ட கையால சாப்பிடவும் வேணாம், அதுகளில வயித்தோட்டம் வரப்பண்ணுற கிருமி இரிக்கும்.

இனிச் சொல்லுறது இதுகள் எல்லாத்தையும் விட முக்கியம், ஏனெண்டா எங்கட பக்கத்தில ஆள் சாகிறது பெரிய வெங்கிணாந்தியால இல்ல, "வெங்கிணாந்திக் குட்டி" எண்டு நினைச்சுத் தூக்குறதால. முட்டையால வந்த குட்டி ரெண்டடி இரிக்கும், கடும் விசமான கண்ணாடிப் புடையன் (கண்ணாடி விரியன்) வளந்தது மூண்டு நாலடி இரிக்கும், ரெண்டும் மண்ணிறம், ரெண்டுக்கும் முதுகில புள்ளி, ரெண்டும் சீறும். புடையனுக்கு முதுகில மூண்டு வரிசையாச் சங்கிலி கோத்த வட்டம், வட்டத்தைச் சுத்திக் கறுப்புக் கரை, தலை முக்கோணம், செதில் சொரசொரப்பு. வெங்கிணாந்திக்குப் புள்ளி ஒழுங்கில்லாத திட்டுத் திட்டா இரிக்கும், உடம்பு வழுவழுப்பா மினுங்கும், தலையில ஈட்டி முனை போட்ட அடையாளம். பகல் வெளிச்சத்தில, எட்ட நிண்டு, நிதானமாப் பாத்தா தெரியும். இருட்டில டோர்ச்சோட, சேத்துக்குள்ள கிடக்கிறதைப் பாத்தா பழகினவருக்கும் தடுமாறும். அதால என்ட கட்டாயமான சொல் இது: அஞ்சடிக்குக் குறைஞ்ச புள்ளிப் பாம்பு எதையும் புடையன் எண்டே வச்சுக்கொள்ளுங்க. கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க, நாட்டுப் பரிசாரியைத் தேடி நேரத்தைப் போக்காம 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. புடையன்ட விசத்துக்கு மாத்து மருந்து அங்கதான் இரிக்கு.

வீட்டில வளக்க ஆசைப்படுறாக்களும் இரிக்காங்க. இலங்கையில அது சட்டப்படி குற்றம், 1937ஆம் ஆண்டு தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ பாதுகாக்கப்பட்ட உயிர் இது, பிடிக்கவும் ஏலாது, வச்சிரிக்கவும் ஏலாது, கொல்லவும் ஏலாது. லண்டனில இரிக்கிற எங்கட மச்சான் ஒருத்தர் பர்மா மலைப்பாம்பு வளக்கார், அங்க அதுக்கு லைசன் தேவையில்ல. அவர் வச்சிரிக்கிற ஒழுங்கைக் கேட்டா இஞ்ச கழுத்தில போடுறாக்கள் யோசிப்பாங்க. கூட்டுக்குப் பூட்டு, திறப்பு அவர்ர இடுப்பில, வீட்டில தனிய இரிக்கிற நேரம் திறக்கிறதே இல்ல, திறக்க முதல் நீட்டுக் கொக்கித் தடியால உடம்பில மெல்லத் தட்டுவார், தட்டினா இது சாப்பாடு இல்ல எண்டு பாம்பு பழகிரிக்கு. சாப்பாடு கொடுக்கிறதும் நீட்டு இடுக்கியாலதான்.

பூட்டு ஏன் எண்டா, 2009இல அமெரிக்காவில ப்ளோரிடாவில வளத்த பர்மா மலைப்பாம்பு ராவில கூட்டை விட்டு வந்து ரெண்டு வயசுப் பிள்ளையை நெரிச்சுக் கொண்டது. 2013 ஆகஸ்ட் கனடாவில காம்பெல்டன் எண்ட ஊரில, கடைக்கு மேல வீட்டில வச்சிருந்த ஆபிரிக்க மலைப்பாம்பு காத்துப் போற குழாய்க்குள்ளால வந்து நித்திரையில கிடந்த ரெண்டு சகோதரங்களைக் கொண்டது, ஒருத்தருக்கு நாலு வயசு, மத்தவருக்கு ஆறு. அதை வாசிச்ச அன்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. பாம்பில பிழையில்ல, அதுகளை வச்சிருந்த பெரியாக்கள் அந்த வழியை அடைக்கல்ல.

மாமிட கூட்டுக்கு இப்ப அரை இஞ்சிக் கம்பிவலை அடிச்சிரிக்கம், அடியில ஒரு முழத்துக்கு மண்ணுக்குள்ளயும் இறக்கி, கதவுக்குக் கீழ இருந்த இடைவெளிக்குப் பலகை போட்டு. விறகைச் சுவரோட சாத்தி அடுக்காம ரெண்டு கல்லு வச்சு உயத்தி அடுக்குறா. தீன் சிந்தினா அன்டைக்கே கூட்டுறா, எலி வராட்டி அதுக்குப் பொறகால வாறதும் குறையும். கூட்டைச் செஞ்சு முடிச்ச அன்டைக்கு மாமி கேட்டா, "மருமகன், காட்டில விட்டது திரும்ப வராதோ" எண்டு. வரலாம் மாமி எண்டன், வந்தாலும் கூட்டுக்குள்ள போக ஏலாது, கண்டா எனக்குக் கோல் எடுங்க, பொல்லை எடுக்காதீங்க எண்டு சொல்லிட்டு 1992ஐயும் அவட போனில பதிஞ்சு குடுத்தன்.