பச்சை மையால் வெட்டிய வரி

அந்த வரி இதுதான்: "எங்கள் பள்ளிக்கூடத்துப் பொலிஸ்காரர் நல்லவர். நான் மத்தியானம் சாப்பிடாமல் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறதை முதலில் கண்டவர் அவர்தான்."

ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இரண்டு பக்கத் தாளில் மேலிருந்து நாலாவது வரி. அதன் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு. பச்சை மை என்னுடையது. சிவப்பைக் கண்டால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ரியூஷன் கொடுத்த காலத்தில் மாற்றியது, அப்படியே பழகிவிட்டது.

2017 ஜூனில் ரொறன்ரோ பொலிஸ் சேவைகள் சபை கூடியபோது பேசுவதற்காக எழுதியது அது. பள்ளிகளில் பொலிஸ் அதிகாரிகளை நிறுத்தும் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அன்றைய விவாதம். எங்கள் இளையோர் குழுவிலிருந்து மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். அந்த மூவரில் ஒருத்திதான் இதை எழுதியவள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

அவளுடைய பேச்சின் உயிர் அண்ணனைப் பற்றிய பகுதி. அதே பொலிஸ்காரர் அவனை நடைபாதையில் மூன்று முறை நிறுத்தி, கையில் இருக்கும் போன் யாருடையது என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒரு சனிக்கிழமை, பஸ் தரிப்பில் நின்றவனை வேறொரு ரோந்துக் கார் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் காரில் இருந்தவர்களை அவன் முன்பின் கண்டதில்லை. "அண்ணாவின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தை வாசித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அதனால்தான் நாலாவது வரி உறுத்தியது.

"நல்லவர் என்று தொடங்கினால் கேட்கிற ஆக்கள் அதோடை நிண்டுவிடுவினம். மிச்சம் காதில் ஏறாது" என்றேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கதைத்தவள், இதை மட்டும் தமிழில் கேட்டாள்: "அது பொய்யில்லைத்தானே அக்கா?"

"பொய்யில்லை. ஆனால் ஐந்து நிமிஷம்தானே இருக்கு."

கொலிஜ் தெருவில் இருக்கும் தலைமையகத்தில் அவள் பேசி முடித்தபோது ஐம்பது செக்கன் மிச்சம் இருந்தது. எண்ணிக்கொண்டிருந்தவள் நான்தான். அந்த வரியை வாசிக்கப் பத்து செக்கன் போதும்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்று திட்டத்துக்கு ஆதரவாகப் பேசிய மாணவர்களும் இருந்தார்கள். பொலிஸ்காரர் கூடைப்பந்து பழக்கினார், வாழ்க்கையை மாற்றினார் என்று கண்கலங்கச் சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் "ஆனாலும்" என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. எதிர்ப்பக்கம் சேர்க்காத "ஆனாலும்" எங்கள் பிள்ளை மட்டும் ஏன் சேர்க்க வேண்டும்? அப்போது இது எனக்கு நியாயமாகப் பட்டது. இன்றும் பாதி நியாயமாகத்தான் படுகிறது.

எனக்கு இது புதுச் சண்டையும் இல்லை. நான் உயர்பள்ளியில் படித்தபோது ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டின் பாதுகாப்பான பள்ளிகள் சட்டம் வந்தது. ஒரு தள்ளுமுள்ளு என்றாலும் இடைநிறுத்தம், அதற்கு மேல் என்றால் நீக்கம். கறுப்பினப் பிள்ளைகளும் இயலாமையுள்ள பிள்ளைகளுமே கூடுதலாக அடிபடுகிறார்கள் என்று மனித உரிமை ஆணைக்குழு வரைக்கும் போனது. என் வகுப்பில் இரண்டு தமிழ்ப் பெடியள் வீட்டுக்குப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. 2008இல் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். முந்தின ஆண்டு மே மாதத்தில் ஜோர்டன் மானர்ஸ் என்ற பதினைந்து வயது மாணவன் பள்ளிக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தான். ஆகவே அதே 2008இல் பொலிஸ்காரர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு கதவைச் சாத்தி மற்றதைத் திறந்த கதை.

இதையெல்லாம் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் உறுத்துகிறது. இளையோரின் குரல் என்று சபைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வரலாறு என்னுடையது, மை என்னுடையது, தொண்டை மட்டும் அவளுடையது. இல்லை, இதுவும் அநியாயம். அண்ணனைப் பற்றிய பகுதியில் நான் கை வைக்கவே இல்லை.

அந்த 2017 நவம்பரில் ரொறன்ரோ கல்விச் சபை 18க்கு 3 என்று வாக்களித்துத் திட்டத்தை நிறுத்தியது. அதற்கு முன் மாணவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 57 சதவீதம் பேர் பொலிஸ் நிற்பது பாதுகாப்பாக இருக்கிறது என்றார்கள். 1,715 பேர் மிரட்சியாக இருக்கிறது என்றார்கள். நாங்கள் அந்த 1,715ஐப் பிடித்துக்கொண்டோம். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மிரட்சியான இடம் என்றால் அங்கே பெரும்பான்மைக் கணக்குக்கு இடமில்லை என்று வாதாடினோம். இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் படிவத்தில் அவள் எந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டிருப்பாள்? இரண்டிலும் போட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். பேச்சில் ஒன்றை நான் அழித்துவிட்டேன்.

அவளுடைய அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே என்னில் கோபம். "பிள்ளை, அங்கை யூனிஃபோர்மைக் கண்டால் ஓடினனாங்கள். இங்கை அது வாசலில் நிண்டால்தான் எனக்கு நித்திரை வருது" என்பார். மகன் பஸ் தரிப்பில் நின்ற கதை அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொன்னார். 2022 பெப்ரவரியில் ஸ்காபரோவில் ஒரு உயர்பள்ளிக்குள் பதினெட்டு வயது மாணவன் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று பின்னேரம் போன் எடுத்தார்.

"இப்ப என்ன சொல்லுறியள்?"

"பொலிஸ் நிண்டிருந்தால் நடந்திருக்காது எண்டு ஆருக்கும் சொல்ல ஏலாது அம்மா."

"நிண்டிருந்தாலும் நடந்திருக்கும் எண்டும் சொல்ல ஏலாதுதானே."

வைத்துவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

பல நாள் கழித்து, காரில் போகும்போது ஒன்று பொறிதட்டியது. நாங்கள் கேட்டது பொலிஸ் வேண்டாம் என்று மட்டும் அல்லவே. ஆற்றுப்படுத்துநர் வேண்டும், சமூகப் பணியாளர் வேண்டும், பிள்ளையைக் கவனிக்கிற பெரியவர் வேண்டும் என்று கேட்டோம். அந்தப் பெரிய கட்டடத்தில் சாப்பிடாமல் ஒளிந்திருந்த ஒரு பிள்ளையைக் கண்டது இடுப்பில் துவக்கு வைத்திருந்த ஒருவர் மட்டும்தான் என்றால், வேறு யாரும் ஏன் காணவில்லை? எங்கள் பக்கத்தின் மிகப் பலமான வரி அதுதான். அதைத்தான் வெட்டியிருக்கிறேன்.

அப்புறம் அந்த நினைப்பிலும் சந்தேகம் வந்தது. அவள் அதை வாதமாக எழுதவில்லை. நன்றியாக எழுதினாள். வெட்டினாலும் என் தேவை, வைத்தாலும் என் தேவை என்றல்லவா ஆகிறது?

2025இல் மாகாண அரசு 33ஆம் சட்டமூலத்தோடு பொலிஸை மறுபடி பள்ளிக்குள் கொண்டுவரப் புறப்பட்டபோது, புதிய பிள்ளைகள் சிலர் பேச்சு எழுத உதவி கேட்டார்கள். பேனாவைத் தொட மாட்டேன், காரில் ஏற்றி இறக்குகிறேன் என்றேன். இரண்டு நாள்தான் அப்படி இருக்க முடிந்தது. ஒரு பெடியனின் தாள் அலங்கோலமாக இருந்தது. "கடைசிப் பந்தியை முதலில் கொண்டுவா" என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் மார்க்கம் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளைக் கண்டேன். கொத்துக்கு ஓடர் கொடுத்துவிட்டு நின்றாள். இப்போது மருத்துவமனையில் வேலை. அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்ததாம். அண்ணா எட்மன்டனில். சட்டமூலத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். பிறகு நானாகவே அந்த வரியைப் பற்றிக் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "படிக்கட்டு வரியா? அதை நான்தானே அக்கா எடுத்தனான். அண்ணா கேட்டால் கோபிப்பான் எண்டு."

அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். பார்சலை வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்க்க வாங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். தாள் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.