ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமம்: நான் வந்த வழி

கோவையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்தவன் நான். குடியேற்றத்துக்கு அந்த அனுபவத்தைப் புள்ளி போட்டு ஏற்றுக்கொண்ட கனடா, வேலை என்று கேட்டதும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இரவெல்லாம் கிடங்கு வேலை, பகலில் விண்ணப்பம். நேர்காணல் வரை போன இடங்களிலும் ஒரே பாட்டுத்தான்: "கனடிய அனுபவம் இல்லையே." வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்!

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமம் இல்லாமல் பொறியாளர் என்று போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. உரிமம் தருவது பி.இ.ஓ. (Professional Engineers Ontario) என்ற அமைப்பு. கேட்கும் 48 மாத அனுபவத்தில் 12 மாதமாவது கனடாவில் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியை 2023 மே மாதம் அது நீக்கியது. அதன் பிறகுதான் துணிந்து விண்ணப்பித்தேன்.

சட்டமும் தொழில் நெறியும் பற்றிய தேர்வு 110 கேள்விகள், இரண்டரை மணி நேரம். படித்தால் தேறிவிடலாம். இடுப்பை ஒடித்தது 34 திறன்களைப் பற்றிய அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் நிலைமை என்ன, நீ செய்தது என்ன, விளைவு என்ன என்று நடந்த வேலையைக் காட்டி எழுத வேண்டும். நம் ஊரில் வேலையை முடிப்போமே தவிர, இது என் முடிவு என்று யார் எழுதி வைக்கிறோம்?

பொள்ளாச்சிப் பக்கம் கட்டிய ஒரு மேல்நிலைத் தொட்டி கைகொடுத்தது. மழைக்கு உப்பி வெயிலுக்குப் பிளக்கும் கரிசல் மண். அதனால் அடியில் குமிழ்போல் விரியும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) அஸ்திவாரம் போட்டிருந்தேன். (இங்கே மண்ணைத் தூக்குவது உறைபனி. அதற்காகவே அஸ்திவாரத்தை 1.2 மீட்டர் வரை இறக்குகிறார்கள்.)

அறிக்கையில் எழுதிய இந்த வேலைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் ஓய்வுபெற்ற என் மேலதிகாரி. இணையப் படிவத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார். அவருக்குக் காலை, எனக்குக் கிடங்குக்குக் கிளம்பும் நேரம். எதை எங்கே நிரப்புவது என்று தொலைபேசியில் சொல்வேன். ஒருநாள், "தொட்டியில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது தம்பி, அதையும் போடலாமா?" என்றார்.

"முதலில் அதைப் போடுங்கள் சார்."

உரிமம் வந்துவிட்டது. வேலையும் கிடைத்தது, புதிதாகப் படித்து வந்தவர்களின் சம்பளத்தில். விதி போனாலும் வேலைக்கு எடுப்பவர்களின் மனத்தைவிட்டு அது போகவில்லை. வரப்போகிறவர்கள் கிளம்பும் முன்பே மேலதிகாரிகளின் சொந்த மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக முகவரி அவர்கள் ஓய்வுபெறும் நாளோடு சரி.