விண்வெளிக்காக உடம்பை மாற்றலாமா?

ககன்யான் வீரர்கள் நம் பெங்களூரில் பயிற்சி பெறுவதால் இந்தக் கேள்வி நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

எடையின்மையில் இடுப்பெலும்பு மாதம் 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கும். தினசரி உடற்பயிற்சியோடு எலும்புத் தேய்வைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் வாரம் 70 மில்லிகிராம் கொடுத்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் சோதித்தார்கள். பலன் இருந்தது. ஆனால் பூமியில் அதை விழுங்கியபின் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம். எடையற்ற இடத்தில் நிமிர்வது எப்படி? நிறுத்தினாலும் மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

மாத்திரைக்கே இவ்வளவு என்றால் மரபணுவுக்கு? எல்ஆர்பி5 மரபணுவின் சில மாற்றங்கள் எலும்பை வலுவாக்கும். அவற்றில் சில மண்டையோட்டையும் தடிக்கவைத்து நரம்பை நெருக்கும். நீர்க்கரடி என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரியின் மரபணுவைக் காக்கும் டிசப் புரதம் எக்ஸ்ரே சேதத்தைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது 2016இல், ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களில் மட்டும்.

வீரர் தன் உடலில் மரபணு மாற்றத்தை எல்லாம் தெரிந்து செய்துகொள்வது வேறு. கருவில் செய்தால் சம்மதம் கேட்க ஆளே இல்லை. அதை நான் ஏற்கமாட்டேன். வீரர் விஷயத்திலும், மறுத்தால் பயணம் போய்விடும் என்றால் அது சம்மதமே அல்ல. மறுப்பவரைத் தேர்விலிருந்து நீக்கக் கூடாதென்று முதல் ஊசிக்கு முன்பே விதியில் எழுதிவைக்க வேண்டும்.