வாடகை வீட்டுத் தரையில் கீறல்

தரையில் கீறலைப் பார்த்தால் முதலில் நகத்தால் தடவிப் பார்ப்பேன். நகம் வழுக்கிப் போனால் மேல்பூச்சில் மட்டும்தான் கீறல். சிக்கினால் ஆழமாக இறங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டுத் தரை லேமினேட். பார்க்க மரம் போலவே இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது அச்சிட்ட படம், அதன்மேல் மெல்லிய ஒளிபுகும் பூச்சு. இதை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, படமே போய்விடும். நிஜ மரமாக இருந்தாலும், வீட்டு உரிமையாளரைக் கேட்காமல் அந்த வேலையில் இறங்குவது சரியில்லை என்பேன். சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்த ஆழமான கீறலில், தரையின் நிறத்திலேயே கிடைக்கும் மெழுகுக் குச்சியைத் தேய்த்து நிரப்பினேன். பிளாஸ்டிக் அட்டையால் மட்டமாக வழித்து, துணியால் துடைத்தேன். இப்போது குனிந்து தேடினால்தான் தெரிகிறது.

எல்லோரும் நாற்காலியைத்தான் குறை சொல்வார்கள். செருப்போடு வரும் மணலும் லேசுப்பட்டதல்ல. அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினத்தன்மை, பத்து வரை போகும் மோஸ் அளவில் 7, கண்ணாடியையே கீறும். நாற்காலிக் காலில் ஒட்டும், கம்பளி போன்ற மெத்தென்ற ஃபெல்ட் பேடிலும் மணல் புதைந்துகொள்ளும், அப்புறம் அந்தப் பேடே தரையைக் கீறும். அதனால் அடிக்கடி மாற்றிவிடுகிறேன்.

குடியேறிய அன்றே பழைய கீறல்களையெல்லாம் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டேன். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் என்று பேச்சு வந்தால் காட்ட அது இருக்கிறது.