ஒரே துணி, இரண்டு பலகைகள்: கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளில் செய்து பார்த்தவை

கண்ணாடி இழைத் துணியும் எபாக்சி ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளில், வெற்றிடப் பையின் அழுத்தம் பலகையின் விறைப்பை எப்படி மாற்றுகிறது என்பதை அளந்து பார்க்க விரும்பினேன். ஒரே துணியில், ஒரே எண்ணிக்கையிலான அடுக்குகளுடன் இரண்டு பலகைகளைச் செய்து, ஒன்றைக் கையால் ரெசின் தோய்த்து அப்படியே இறுகவிட்டேன். மற்றொன்றையும் ரெசினில் தோய்த்து, அதன் மேல் உரிதுணி (இறுகிய பின் உரித்தெடுக்கும் துணி), துளையிட்ட படலம், உறிஞ்சுதுணி (வெளியேறும் ரெசினை உறிஞ்சுவது) ஆகியவற்றை வரிசையாகப் பரப்பி, பையை ஒட்டுநாடாவால் மூடிக் காற்றை உறிஞ்சினேன். முழு வெற்றிடத்தில் வளிமண்டலம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் எடைக்கு ஈடாக அழுத்துகிறது என்பதால், மிகையான ரெசின் தானே வெளியேறிவிடுகிறது. பம்பை நிறுத்திய பின் அழுத்தமானி நகராமல் நிற்கிறதா, அதாவது பையில் கசிவில்லையா, என்று பார்க்காமல் ரெசினைக் கலக்கவே கூடாது.

ஓரங்களை வெட்டி நேராக்கிய பலகையின் பரப்பைத் துணியின் சதுர மீட்டர் எடையாலும் அடுக்குகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் இழையின் எடை கிடைக்கும்; பலகையின் மொத்த எடையில் மீதி ரெசின். கையால் செய்ததில் இழை எடையில் பாதியாகவும், பையில் செய்ததில் ஏறத்தாழ 65 சதவீதமாகவும் இருந்தது. கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.55 கிராம், ரெசினுடையது சுமார் 1.15 கிராம் என்று கொண்டால், கன அளவில் இவை முறையே 31, 46 சதவீதமாகின்றன.

இரண்டிலிருந்தும் ஒரே அகலத்தில் பட்டைகளை வெட்டி, இரு தாங்கிகளின் மேல் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, டயல் கேஜால் (சிறு நகர்வை முள்ளால் காட்டும் அளவி) தாழ்வை அளந்தேன். அதே எடைக்குப் பையில் செய்த பட்டை இருமடங்குக்கும் மேலாக வளைந்தது. கண்ணாடி இழையின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் குறிக்கும் அளவு) சுமார் 72 ஜிகாபாஸ்கல், எபாக்சியினுடையது சுமார் 3 என்பதால், இழை மிகுந்த பொருள் விறைப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ரெசின் வெளியேறித் தடிமன் மூன்றில் இரண்டாகக் குறைந்தபோது ஏற்பட்ட இழப்பு, குணகம் உயர்ந்த ஆதாயத்தை விழுங்கிவிட்டது. பட்டை எடை குறைந்ததாயிற்றே என்று அந்த எடையை ஈடுசெய்யக் கூடுதல் அடுக்குகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், இரண்டும் ஏறத்தாழ ஒரே வளைவு விறைப்பையே தருகின்றன! வெற்றிடத்தின் பயன் வேறிடத்தில் இருக்கிறது: காற்றுக் குமிழ்கள் குறைவதால் அடுக்குகள் பிரிய எளிதில் இடம் கொடுப்பதில்லை, தளத்தின் திசையில் இழுக்கும்போது அதே எடைக்கு அதிக விறைப்பும் கிடைக்கிறது.

வளைவைத் தாங்க வேண்டுமென்றால் இழையை நடுத்தளத்திலிருந்து விலக்கி வைப்பதே வழி. அதற்காகப் பாலிஸ்டைரீன் நுரையை நடுவில் வைத்துப் பலகையின் மொத்தத் தடிமனை நான்கு மடங்காக்கியிருக்கிறேன். எபாக்சி இந்த நுரையைக் கரைக்காது. ஸ்டைரீன் கலந்த பாலியஸ்டர் ரெசின் கரைத்துவிடும். கோட்பாட்டின்படி வளைவு விறைப்பு ஏறத்தாழ 37 மடங்காக வேண்டும், ஆனால் மென்மையான நுரை சறுக்குப்பெயர்ச்சி (அதன் மேல், கீழ்ப் பரப்புகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சரிதல்) அடைவதால் அளவீட்டில் அவ்வளவு தெரியாது. வளைவால் வரும் தாழ்வு தாங்கிகளின் இடைவெளியின் மும்மடியாகவும், சறுக்கால் வருவது இடைவெளிக்கு நேராகவும் வளர்வதால், அதே பட்டையைக் குறுகிய, நீண்ட இடைவெளிகளில் அளந்து இரண்டையும் பிரித்தெடுக்கும் வேலை இப்போது நடக்கிறது.