பூசலார் தோண்டிய கிணறு

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து நாற்பது நாள் கழித்துத் திருநின்றவூருக்குப் போனேன். சென்னையிலிருந்து அரக்கோணம் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடி தாண்டிச் சற்று நேரத்தில் ஊர் வந்துவிடும். இருதயாலீசுவரர் கோயில் சிறியதுதான். கருவறையில் லிங்கத்தோடு பூசலார் நாயனாரும் இருக்கிறார். நெஞ்சைக் கோயிலாக்கியவருக்கு அந்த இடம்தானே பொருத்தம்!

காஞ்சியில் கற்றளி, அதாவது கற்கோயில், எழுப்பிய பல்லவ மன்னன் கனவில் சிவபெருமான் தோன்றி, நின்றவூர் அன்பர் கட்டிய கோயிலில் நாளை எழுந்தருளப் போவதால் உன் குடமுழுக்கைத் தள்ளி வை என்றதும், மன்னன் இங்கே தேடி வந்ததும் எல்லோரும் அறிந்த கதை. என் மனம் நிற்பது அதற்கு முந்தைய இடத்தில். கோயில் கட்டப் பொருள் கிடைக்காத பூசலார் மனத்துக்குள் எப்படிக் கட்டினார் என்பதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நல்ல நாளில் அடித்தளம் இடுகிறார். இரவிலும் கண் துயிலாமல் கட்டுகிறார். தூபி நட்டு, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் வளைத்து, குளமும் எடுக்கிறார். மனக்கோயிலுக்குக் கிணறு எதற்கு? அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டுமே!

மருத்துவமனை வராந்தாவில் எனக்கு எந்தப் பதிகமும் வாயில் வரவில்லை. நினைவுக்கு வந்தது அந்தக் கிணறுதான். மறுநாள் விடியற்காலை, அடுப்பு பற்றவைக்கும் முன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மனத்துக்குள் தண்ணீர் இறைத்தேன். ஒரு வாரம்வரை குடம் நிறையவே இல்லை. பால்காரர் மணியடித்தால் கயிறு நழுவிவிடும். பிறகு மெல்ல மெல்ல அபிஷேகம், வில்வம், ஒரு தீபம். யாருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்குக்கூட. எத்தனையோ பிரதோஷக் கூட்டங்களில் கைகூப்பி நின்றிருக்கிறேன். ஆனால், ஈசன் இருக்கிறான் என்பது கேள்விப்பட்ட செய்தியாக இல்லாமல் எனக்கே தெரிந்த ஒன்றாக மாறியது அந்தத் தரையில்தான்.

தீபாராதனையின்போது பக்கத்தில் ஓர் அம்மாள் ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். எல்லோரும் எட்டி எட்டிப் பார்க்க, அவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அர்ச்சகர் தட்டை நீட்டியவர், அவர் கண் திறக்கும்வரை காத்திருந்தார்.

எனக்குக் கிடைத்த திருநீற்றில் பாதியை அப்பாவுக்காகக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.