வச்சிரம் காயும் நேரம்

18 ஆகஸ்ட் 2024
கிற்றாரின் மேற்பலகை 3.4 மில்லிமீற்றர். அம்மாவுக்குக் காலையில் சீனி 212.

20 ஆகஸ்ட்
சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கொட்டிலுக்குள் ஈரப்பதன் 52. இந்தக் காற்று இருக்கும்போதே உட்சட்டங்களை ஒட்டிவிட வேண்டும். மழைக்குள் ஒட்டினால் பலகை ஈரம் குடித்து விரிந்திருக்கும். அடுத்த வருடம் வெயிலுக்கு அது சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, நடுவில் வெடிக்கும். முதல் கிற்றார் அப்படித்தான் போனது. ஐப்பசி மழைக்கு முன் பெட்டியை மூட வேண்டும். கையில் எட்டுக் கிழமை இருக்கிறது. அதில் கிளினிக் நாள், அம்மாவின் காலுக்கு மருந்து கட்டுகிற நாள், அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வருகிற நாள் எல்லாம் கழித்து எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பின்நேரங்கள். போதும். நிச்சயம் போதும்.

23 ஆகஸ்ட்
பக்கங்களை வளைத்த நாள். இரும்புக் குழாய்க்குள் சிரட்டைக்கரி போட்டு, தண்ணீர் தெளித்தால் துளி துள்ளி ஓடும் அளவுக்குச் சூடாக்கினேன். பலாப் பலகை 2 மில்லிமீற்றர், நேற்றிரவு முழுக்க ஊறியது. ஈரப்பலாவைச் சூட்டில் அழுத்தியதும் அவித்த பலாக்கொட்டையின் வாசம் எழுந்தது. மரம் முதலில் முரண்டு பிடிக்கும். அவசரப்பட்டால் முறியும். பொறுத்து நின்றால் ஒரு கணத்தில் நார் இளகுவது விரலுக்குத் தெரியும், அப்புறம் அது தானே குழாயைச் சுற்றி வரும். அந்தக் கணத்துக்காக நான் எதையும் செய்வேன்.

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதானே. கிற்றாருக்கு மட்டும் ஏன் ஆகாது?

"என்ன தம்பி, பலாக்கொட்டை சுடுறியோ?" என்று அம்மா உள்ளே இருந்து கேட்டார். நல்ல குரல் இன்றைக்கு. 168.

26 ஆகஸ்ட்
பின்பலகைக்கு வைத்திருந்த பழைய கதவுப் பலகைக்குள் எறிகணைச் செல் துண்டு. அரிசி அளவுதான், சுற்றி மரம் கறுத்திருந்தது. அப்பாவின் சீவுளி இரும்பில் பல் விழுந்துவிட்டது. 2009 தை மாதம் எண்ணெய்த் துணி சுற்றிக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து தோண்டி எடுத்த இரும்பு. இரண்டு மணி நேரம் கல்லில் தேய்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

29 ஆகஸ்ட்
மேற்பலகை 2.7. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வலக்கை வராது, இடது பெருவிரலால் பலகையின் நடுவை அழுத்திப் பார்த்தார். பிறகு ஓரத்தை. "இன்னும்" என்றார். பாரிசவாதம் வந்தபின் இவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்து கனநாள். கொஞ்சம் கழித்து, "ஆருக்கு? எவ்வளவு தாறாங்கள்?" என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை, எனக்குத்தான் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பொழுதுபட 2.5.

1 செப்டெம்பர்
நல்லூர்த் தேர். அம்மா போனில் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

4 செப்டெம்பர்
உட்சட்டங்கள் ஏழும் ஒட்டியாகிவிட்டது. வச்சிரப் பசையை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துத் தேன் பதத்துக்கு இளக்கினேன். பூசினால் ஒன்று, ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் சட்டத்தைக் கோட்டில் வைத்து, மூங்கில் கீலத்தை வளைத்து மேல்மரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் நிறுத்திவிட வேண்டும். ஆறினால் பிடிக்காது. விசிறி மாதிரி ஏழும் நின்றபோது பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

முடித்துவிட்டு உள்ளே போனால் அம்மா கட்டில் ஓரத்தில் வியர்த்து நனைந்து இருக்கிறார். என்னை மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 48. ஐந்தரைக்கு ஊசி போட்டேன், "பிறகு சாப்பிடுறன்" என்றார், புட்டுக்கோப்பை மூடினபடி இருக்கிறது. மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துப் பருக்கினேன். கால் மணி நேரத்தில் 83. அப்புறம் புட்டும் வாழைப்பழமும். இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தேன்.

5 செப்டெம்பர்
பலகையைத் தட்டினால் மணி மாதிரிக் கேட்கிறது. தொட மனமில்லை.

9 செப்டெம்பர்
நாலாம் திகதி எழுதியது முழுவதும் சரியில்லை. ஆறாவது சட்டத்துக்கு வச்சிரம் பூசும்போது அம்மா ஒருமுறை கூப்பிட்டார். "தம்பி" என்று மட்டும். சத்தமாக இல்லை. ஆறாவதை வைத்தேன். ஏழாவதையும் வைத்தேன். பிறகுதான் போனேன்.

10 செப்டெம்பர்
149. 2.5.

15 செப்டெம்பர்
அக்கா ரொறன்ரோவிலிருந்து எடுத்தாள். ஒரு மணி நேரம். காசு அனுப்புகிறாளாம், பகலுக்கு ஒரு ஆள் வைக்கட்டாம், "இந்தக் கிற்றாரைக் கொஞ்ச நாளைக்கு விடன்" என்றாள். மேற்பலகைக்கான ஸ்புரூஸ் மரத்தைத் துணி சுற்றிப் பொதியில் அனுப்பியது அவள்தான். அவளில் கோபமில்லை. அங்கே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் ஆள் வைத்தால் அப்பா யாரிடமும் சலம் கழிக்கக் கேட்கமாட்டார், அடக்கிக்கொண்டே கிடப்பார். அம்மா வந்தவளுக்குத் தேத்தண்ணி போடவென்று எழும்பி, புண்காலோடு குசினிக்குள் நிற்பார். நான் கொட்டிலை மூடிவிட்டு விறாந்தையில் இருந்தால்? இருந்து பார்த்தேனே, வைகாசியில், மூன்று கிழமை. அப்பாவைப் புரட்டும்போது என் கை முரடாகிவிட்டது. அம்மா ஒன்றையே இரண்டு தரம் கேட்டால் எரிந்து விழுந்தேன். மரத்தைத் தொட்ட நாளில் என் கை மெதுவாகிறது. இதை எப்படி அக்காவுக்குச் சொல்வது? சொன்னால் சாட்டுச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பாள். சாட்டாகவும் இருக்கலாம். தெரியவில்லை.

இரவு இரண்டு மணிக்கு அப்பாவைப் புரட்டிவிட்டு நித்திரை வராமல் தொரெஸை நினைத்துக்கொண்டு கிடந்தேன். 1862 இல் அந்த ஸ்பானியர் பக்கங்களையும் பின்புறத்தையும் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிற்றார் கட்டினார். ஒலி மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக. அது இன்னும் பார்சிலோனாவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்றைக்காவது அதைப் பார்க்க வேண்டும்.

22 செப்டெம்பர்
நேற்றுக் காலை அம்மாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் வாக்குப் போட்டு வந்தோம். இரவு அப்பாவுக்கு உடம்பு கொதித்தது, நடுக்கம். பத்து மணிக்கே ஊரடங்கு. 1990 அம்புலன்சுக்கு அழைத்தேன், வந்தார்கள். வெறும் ரோட்டில் எங்கள் வண்டி மட்டும். சலத்தில் கிருமியாம். வார்ட்டில் வைத்திருக்கிறார்கள். அம்மாவோடு பக்கத்து வீட்டுச் சின்னம்மா.

24 செப்டெம்பர்
கட்டிலுக்குக் கீழே பாய். மேலே சேலைன் துளி விழுகிறது. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கிற்றார் கழுத்தில் பதிக்கும் பிரெட் கம்பிகளுக்குக் கணக்குப் போட்டேன். தந்தி நீளம் 650 ஐ 17.817 ஆல் வகுக்க 36.48. மீதியைத் திரும்பவும் அதே எண்ணால். 34.43. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325 இல் வந்து நின்றால் கணக்குச் சரி. இரண்டு தரம் 324.6 வந்தது. மூன்றாம் தரம் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் ஐயா, "மகன் என்ன படிக்கிறார்?" என்று அப்பாவைக் கேட்டார். எனக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா, "மேசை கதவு செய்யிறவன்" என்றார்.

26 செப்டெம்பர்
வீடு. அப்பாவின் முதுகில் புண் தொடங்கியிருக்கிறது. காற்று மெத்தை வாங்க வேண்டும்.

3 ஒக்டோபர்
ஐந்தாவது. ஆறாவது இல்லை. அந்த நேரம் கையில் இருந்த சட்டத்தின் நுனியில் பென்சிலால் ஐந்து என்று எழுதியிருந்தது. அதன்மேல் வச்சிரம் வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்துவிட்டது. அப்படியானால் மூன்று சட்டம். ஒன்றுக்கு நாலு நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடம். அம்மாவைக் கேட்டேன், அன்றைக்கு எத்தனை தரம் கூப்பிட்டீர்கள் என்று. "எண்டைக்கு?" என்றார்.

7 ஒக்டோபர்
பக்கங்களையும் மேற்பலகையையும் சேர்த்தாகிவிட்டது. சின்னம்மா அம்மாவோடு இருந்தார். இரண்டு தரம் நடுவில் போய்ப் பார்த்தேன். ஒரு மூலையில் வச்சிரம் ஆறிப் பிடிக்கவில்லை, சூடுகாட்டித் திரும்ப ஒட்டினேன். வச்சிரத்தில் அந்த நன்மை இருக்கிறது. 161.

12 ஒக்டோபர்
சரஸ்வதி பூசையில் சீவுளியையும் வைத்தோம். பொட்டு வைத்தது அப்பாவின் இடக்கை. இரும்பின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். பல் விழுந்த இடம் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

16 ஒக்டோபர்
பின்நேரம் இடிமழை. ஈரப்பதன் 81. பின்பலகை ஒட்டவில்லை. எல்லாவற்றையும் பிளைவுட் அலுமாரிக்குள் வைத்து 40 வாட் குமிழ் ஒன்றைக் கொளுத்திவிட்டேன். காலையில் உள்ளே 50. இப்படியே நாலு நாள் நின்றால் மூடிவிடலாம்.

17 ஒக்டோபர்
51. அம்மா 155. காலில் புதுத்தோல் ஓரத்தால் வருகிறது, இளஞ்சிவப்பு. மருந்து கட்ட வந்த பிள்ளை நல்லது என்றாள்.

19 ஒக்டோபர்
ஆறு மணிக்குக் கரண்ட் போனது. மெத்தை இறங்கத் தொடங்கியது, அப்பா முனகினார். பற்றரியில் ஒன்றைத்தான் ஓட்டலாம். மெத்தையைப் பொருத்தினேன். அலுமாரிக் கதவின் இடுக்குகளை அம்மாவின் பழைய சேலைகளால் அடைத்திருக்கிறேன்.

ஏழரைக்கு 58.

அம்மா சாப்பிட்டுவிட்டார், இடியப்பம் நாலு. முன்னுக்கு இருந்து பார்த்தேன்.

எட்டே காலுக்கு 63. மழை விடவில்லை. அப்பாவைப் புரட்ட நேரமாகிறது.